ஸ்கேனர் ஓடுகிறது, எடை மெஷின் கேபிள் ஓடவில்லை: டிரைவர் எப்படிப் பொருந்துகிறது?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை. பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு விண்டோஸ் 11 உள்ள புதியது வாங்கியிருக்கிறீர்கள். பார்கோடு ஸ்கேனரைச் செருகியதும் ஒரு கேள்வியும் கேட்காமல் ஓடியது. பில் பிரிண்டர் டிரைவர் (பொருளை இயக்கக் கம்ப்யூட்டருக்கு வேண்டிய மென்பொருள்) கேட்டது, பெட்டியோடு வந்த பழைய சிடியைப் போட்டால் ஏற்கவில்லை. எடை மெஷினிலிருந்து வரும் யூஎஸ்பி கேபிள் பழைய கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, இதில் மஞ்சள் முக்கோணம் காட்டி 'கோடு 10' என்கிறது. எந்தப் பொருளுக்கு எந்த டிரைவர் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது, பெயரைப் பார்க்கிறதா, நெட்டில் தேடுகிறதா, ஒன்றுக்குத் தெரிந்தது இன்னொன்றுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளிலும் சுற்றுவட்டாரத்திலும் பில்லிங் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் லினக்ஸுக்கு டிரைவர் எழுதும் வேலையில் இருந்தேன். அதனால் விண்டோஸ், லினக்ஸ் இரண்டைப் பற்றியும் சொல்ல முடியும். ஆப்பிள் பக்கம் எனக்குக் கைப்பழக்கம் கிடையாது, அதை விட்டுவிடுகிறேன். பொருத்தம் எப்படி நடக்கிறது என்பது முழுக்க எழுதி வைக்கப்பட்ட விதிகளின்படி நடப்பது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உங்கள் கேபிளுக்கு என்ன நோய் என்பது மட்டும் நேரில் பார்க்காமல் சொல்வது, அதை ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் எந்தப் பொருளையும் 'பார்த்து' அடையாளம் காண்பதில்லை. செருகிய பொருளே "நான் இன்ன எண்" என்று சொல்கிறது. கம்ப்யூட்டர் அந்த எண்ணை அப்படியே நம்பி, தன்னிடம் இருக்கும் பட்டியலில் அது எந்த டிரைவருக்கு நேராக எழுதியிருக்கிறது என்று தேடுகிறது. அவ்வளவுதான். பொருள் பொய் சொன்னாலும் நம்பும். பட்டியலில் எண் இல்லாவிட்டால், பொருள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கைவிரித்துவிடும்.

யூஎஸ்பியில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம், உங்கள் மூன்று பொருளும் யூஎஸ்பிதான். பொருளைச் செருகியதும் அதற்குள் இருக்கும் ஒரு சின்ன ரெசிஸ்டர் டேட்டா கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அதை வைத்துத்தான் ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று போர்ட்டுக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டர் அந்தப் பொருளை ரீசெட் செய்கிறது. புதிதாக வந்த எல்லாப் பொருளும் முதலில் முகவரி 0-வில்தான் பதில் சொல்லும். அங்கே அதைக் கூப்பிட்டு, 1 முதல் 127 வரை உள்ளதில் காலியான ஒரு முகவரியைக் கொடுத்து, "உன் விவரத்தைச் சொல்" என்று கேட்கிறது. பொருள் 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக்குறிப்பைத் திருப்பி அனுப்புகிறது. அதற்குள் தயாரிப்பாளர் எண் 2 பைட், மாடல் எண் 2 பைட், பதிப்பு எண் 2 பைட், எந்த வகையைச் சேர்ந்தது என்பதற்கான எண்கள் எல்லாம் இருக்கும். அடுத்து இன்னொரு விவரக்குறிப்பு, அந்தப் பொருளுக்குள் என்னென்ன வேலைப் பிரிவுகள் உள்ளன, ஒவ்வொன்றும் எந்த வகை என்று சொல்லும். மைக்கும் கேமராவும் ஒன்றாக உள்ள வெப்கேம் ஒரே கம்பியில் வந்தாலும் டிவைஸ் மேனேஜரில் (கம்ப்யூட்டரில் உள்ள பொருள்களைப் பட்டியலிடும் விண்டோஸ் திரை) இரண்டாகத் தெரிவது இதனால்தான்.

தயாரிப்பாளர் எண்ணை நிறுவனம் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. யூஎஸ்பிக்கு யூஎஸ்பி-ஐஎஃப் என்ற அமைப்பும், கம்ப்யூட்டருக்கு உள்ளே போடும் பிசிஐ கார்டுகளுக்கு பிசிஐ-சிக் என்ற அமைப்பும் காசு வாங்கிக்கொண்டு ஒதுக்கிக் கொடுக்கின்றன. இன்டெல்லின் எண் 8086. 1978-இல் அவர்கள் கொண்டுவந்த பிராசஸரின் பெயரும் அதுதான், வேண்டுமென்றே வாங்கிய ஃபேன்சி நம்பர். தயாரிப்பாளர் எண் ஒதுக்கப்பட்டது, மாடல் எண்ணை அந்த நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தால் உலகத்தில் அந்த மாடல் ஒன்றுக்குத்தான் சொந்தம் என்பது ஏற்பாடு. ஏற்பாடுதான், பூட்டு இல்லை. அடுத்தவன் எண்ணை எடுத்துத் தன் சிப்பில் எழுதிக்கொள்கிறவனை எந்தக் கம்பியும் தடுக்காது. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெயரைப் பார்க்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். பொருளுக்குள் பெயரும் எழுத்தாக இருக்கும், செருகியதும் திரையின் மூலையில் வருகிற பெயர் பெரும்பாலும் அதுதான். ஆனால் யூஎஸ்பி டிரைவர் தேடும்போது விண்டோஸ் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு, அது உங்கள் பிரிண்டர். அதற்கு முன்னால் ஸ்கேனரை முடித்துவிடலாம்.

விண்டோஸ் அந்த எண்களை வைத்து இரண்டு பட்டியல் தயாரிக்கிறது. முதலாவது ஹார்டுவேர் ஐடி: தயாரிப்பாளர் எண், மாடல் எண், பதிப்பு எண் மூன்றும் சேர்ந்தது முதலில், பதிப்பை விட்டுவிட்டு மற்ற இரண்டும் அடுத்து. இரண்டாவது கம்பேட்டிபிள் ஐடி: இன்ன நிறுவனம், இன்ன மாடல் என்பதையெல்லாம் மறந்துவிட்டு 'இது இந்த வகைப் பொருள்' என்று மட்டும் சொல்வது. டிரைவர் பக்கத்தில் ஒவ்வொரு டிரைவரோடும் ஐஎன்எஃப் என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைல் ஒன்று வரும். நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். அதில் "இந்த ஐடி வந்தால் என்னைக் கூப்பிடு" என்று வரி வரியாக எழுதியிருக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒப்பிட்டு, பொருந்துகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு மதிப்பெண் போடுகிறது. குறைவான எண் வாங்கியவர்தான் ஜெயிப்பார். முறையான கையொப்பம் (டிரைவரை யார் வெளியிட்டார், நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் முத்திரை) உள்ளதா, ஐடி எவ்வளவு துல்லியமாகப் பொருந்துகிறது என்பவைதான் முக்கியம். மாடல் வரை பொருந்தியது வகை அளவில் மட்டும் பொருந்தியதை ஜெயிக்கும். இரண்டு டிரைவர் சமமாக வந்தால் தேதி புதியது எது, அதுவும் சமமென்றால் பதிப்பு எண் பெரியது எது என்று பார்க்கும். விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்ட் டிரைவர்களைத் திறந்து பார்த்தால் தேதி 2006 ஜூன் 21 என்று இருக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். சமநிலை வந்தால் கம்பெனிக்காரனின் டிரைவர் ஜெயிக்கட்டும் என்று மைக்ரோசாஃப்ட் தன் டிரைவர்களுக்கு வேண்டுமென்றே பழைய தேதி போட்டு வைத்திருக்கிறது. 'டிரைவர் 2006, உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று பயமுறுத்தும் இலவச மென்பொருள்களை நான் எந்தக் கடையிலும் வைக்க விடுவதில்லை.

நெட்டில் தேடுவது இரண்டாவதுதான். முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே டிரைவர் ஸ்டோர் என்ற கிடங்கில் பார்க்கும். அங்கே கிடைத்ததை வைத்து வேலையைத் தொடங்கிவிட்டு, விண்டோஸ் அப்டேட்டில் இதைவிடப் பொருத்தமானது இருக்கிறதா என்று அப்புறம் பார்க்கும். அங்கேயும் கேட்பது அதே எண்ணைத்தான்.

உங்கள் ஸ்கேனர் ஒரு வார்த்தை பேசாமல் ஓடியதற்குக் காரணம் அந்த இரண்டாவது பட்டியல். பெரும்பாலான பார்கோடு ஸ்கேனர்கள் கடையிலிருந்து வரும்போதே "நான் ஒரு கீபோர்டு" என்றுதான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. யூஎஸ்பியில் வகை எண் 3 என்றால் கீபோர்டு, மவுஸ் கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு விண்டோஸிலேயே டிரைவர் இருக்கிறது. அதனால் எந்த நாட்டில் எந்தப் பெயரில் செய்த ஸ்கேனரானாலும் ஓடும். நோட்பேடைத் திறந்து வைத்து ஒரு சோப்பு உறையை ஸ்கேன் செய்து பாருங்கள், எண் அப்படியே டைப் ஆகும். இதில் ஒரு வம்பும் உண்டு. ஸ்கேனரோடு வரும் கையேட்டில் செட்டிங் மாற்றும் பார்கோடுகள் அச்சடித்திருக்கும். கடைப் பையன் விளையாட்டாக அதில் 'சீரியல் மோடு' என்ற ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டால், ஸ்கேனர் தன்னை கீபோர்டு என்று சொல்வதை நிறுத்திவிட்டு வேறு வகையாகச் சொல்ல ஆரம்பிக்கும், பெரும்பாலும் மாடல் எண்ணே மாறிவிடும். உடனே "அண்ணா, ஸ்கேனர் செத்துப்போச்சு" என்று போன் வரும். சாகவில்லை, வேறு ஆளாக வந்து நிற்கிறது. அதே கையேட்டில் உள்ள ஃபேக்டரி ரீசெட் பார்கோடை ஸ்கேன் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

கம்ப்யூட்டருக்கு உள்ளே இருக்கும் கார்டுகளிலும் இதே கதைதான், விவரம் மட்டும் பிசிஐ கார்டின் கான்ஃபிகரேஷன் பகுதியில் இருக்கும். அங்கே கூடுதலாக, சிப்பை வாங்கி போர்டு செய்தவரின் எண்ணும் தனியாக உண்டு. ஒரே கிராஃபிக்ஸ் சிப் இருந்தும் லேப்டாப் கம்பெனி தனக்கென்று ஒரு டிரைவர் தருவது அந்த எண்ணை வைத்துத்தான். புதிதாக விண்டோஸ் போட்டதும் திரையில் எல்லாம் பெரிது பெரிதாகத் தெரியுமே, அப்போது 'இது ஏதோ ஒரு டிஸ்ப்ளே கார்டு' என்ற வகைப் பொருத்தத்தில் மைக்ரோசாஃப்டின் பொது டிரைவர் ஓடிக்கொண்டிருக்கிறது. சரியான டிரைவர் வந்ததும் மாடல் பொருத்தம் ஜெயித்து, திரை ஒழுங்காகிவிடும்.

இப்போது பிரிண்டர். இதில் பொருத்தம் இரண்டு மாடியில் நடக்கிறது. கீழ் மாடியில் 'வகை எண் 7, பிரிண்டர்' என்பதை வைத்து விண்டோஸின் பொதுவான பிரிண்டர் இணைப்பு டிரைவர் உட்காருகிறது. டிவைஸ் மேனேஜரில் 'யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்' என்று தெரிவது அது. அதற்குக் கம்பி வழியாக பைட்டுகளை அனுப்பத் தெரியும், பில் எப்படி அடிப்பது என்று தெரியாது. அது பிரிண்டரிடம் இன்னொரு கேள்வி கேட்கிறது. பிரிண்டர் ஒரு நீளமான எழுத்து வரியைத் தருகிறது: தயாரிப்பாளர் பெயர், மாடல் பெயர், எந்த மொழியில் கட்டளை புரியும் என்று. பழைய பேரலல் போர்ட் காலத்து ஐஇஇஇ 1284 என்ற தரத்திலிருந்து வந்த பழக்கம் இது. அந்தப் பெயரை வைத்து விண்டோஸ் புதிதாக ஒரு ஐடி உண்டாக்கி, மேல் மாடிக்கு டிரைவர் தேடுகிறது. இங்கே மட்டும் பெயர்தான் அடையாளம். பெயர் தெரியாத கம்பெனிகள் செய்யும் 2 இஞ்ச், 3 இஞ்ச் தெர்மல் பிரிண்டர்களில் இந்த வரியில் வெறும் 'பிஓஎஸ் 58' என்கிற மாதிரி எழுதியிருக்கும், சிலவற்றில் அதுவும் ஒழுங்காக இருக்காது. அப்புறம் விண்டோஸ் என்ன செய்யும்?

உங்கள் சிடி ஏற்காததற்கு இன்னொரு காரணமும் வாய்ப்புண்டு. ஐஎன்எஃப் ஃபைலில் எண்ணோ பெயரோ பொருந்தினால் மட்டும் போதாது. '32 பிட் விண்டோஸுக்கு இந்தப் பகுதி, 64 பிட்டுக்கு இந்தப் பகுதி' என்று தனித்தனியாக எழுதியிருக்கும். விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். பழைய சிடியில் 32 பிட் பகுதி மட்டும் இருந்தால், சரியான பிரிண்டர், சரியான சிடி, இருந்தும் பொருந்தாது. நெட்டில் சிலர் ஐஎன்எஃப்-ஐத் திறந்து ஒரு வரி சேர்த்துவிடுங்கள் என்று யோசனை சொல்வார்கள். அதைச் செய்த கணமே டிரைவரின் டிஜிட்டல் கையொப்பம் கெட்டுவிடும், 64 பிட் விண்டோஸ் அதை வாசலிலேயே நிறுத்திவிடும். பில்லிங் கம்ப்யூட்டரில் இந்த வித்தை வேண்டாம்.

எடை மெஷின் கேபிளுக்கு வருகிறேன், உங்களுக்கு அதுதான் தலைவலி. எண் பொருந்துவதும் டிரைவர் வேலையை ஏற்றுக்கொள்வதும் வேறு வேறு கட்டங்கள். ஜாதகம் பத்துப் பொருத்தமும் அமைந்தது என்று தரகர் சொன்னாலும், பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் வேண்டாம் என்று சொல்லலாம் அல்லவா, அதே மாதிரி. எண் பொருந்தியதும் விண்டோஸ் டிரைவரைக் கூப்பிட்டு 'இந்தா உன் பொருள், ஆரம்பி' என்கிறது. டிரைவர் அந்தச் சிப்போடு ஒரு முறை பேசிப் பார்க்கிறது. எதிர்பார்த்த பதில் வரவில்லையென்றால் மறுத்துவிடுகிறது. டிவைஸ் மேனேஜரில் வரும் கோடு எண்கள், எந்தக் கட்டத்தில் மாட்டியிருக்கிறது என்றுதான் சொல்கின்றன. கோடு 28 என்றால் பட்டியலில் பொருந்துகிற டிரைவரே இல்லை. கோடு 10 என்றால் பொருந்தியது, ஆனால் டிரைவரால் பொருளைத் தொடங்க முடியவில்லை. கோடு 52 என்றால் கையொப்பத் தகராறு. கோடு 43-ஓடு 'அன்னோன் யூஎஸ்பி டிவைஸ், டிஸ்கிரிப்டர் கேட்டது தோல்வி' என்று வந்தால், அந்த 18 பைட்டே ஒழுங்காக வரவில்லை, ஐடியில் தயாரிப்பாளர் எண் 0000 என்று நிற்கும். அந்த நிலையில் டிரைவர் தேடி ஒரு நாளை வீணாக்குவதில் பயனே இல்லை. கேபிள், போர்ட், ஹப், கரண்ட் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். காசிமேடு, ராயபுரம் பக்கக் கடைகளில் உப்புக் காற்றில் யூஎஸ்பி முனை பச்சை பிடித்துப்போய் இது வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உங்களுடையது கோடு 10. அதனால் எண் படிக்கப்பட்டுவிட்டது, டிரைவர் கிடைத்துவிட்டது, டிரைவர்தான் மறுக்கிறது. இதுவரை நிச்சயம். இதற்கு மேல் ஊகம். எடை மெஷினோடு வரும் சீரியல் கேபிள்களில் வழக்கமாக மூன்று குடும்பத்து சிப்கள் இருக்கும்: புரோலிஃபிக் நிறுவனத்தின் பிஎல்2303, எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப்கள், அப்புறம் சீனாவிலிருந்து வரும் மலிவான சிஎச்340. புரோலிஃபிக் தன் பழைய சிப் வகைகளை நிறுத்திவிட்டது. அவற்றைப் போலச் செய்த போலிகளும் ஏராளமாகச் சந்தையில் சுற்றின. அசல் பழையதும் போலியும் ஒரே எண்ணைத்தான் சொல்கின்றன. புதிய டிரைவர் அந்த எண்ணை ஏற்று உள்ளே வந்தபின் சிப்பைச் சோதிக்கிறது. பழைய வகையோ போலியோ என்று தெரிந்தால் தொடங்க மறுத்து, டிவைஸ் மேனேஜரில் பெயர் வர வேண்டிய இடத்திலேயே 'இது 2012-இல் நிறுத்தப்பட்டது, விற்றவரைக் கேளுங்கள்' என்றோ 'விண்டோஸ் 11-க்கு ஆகாது' என்றோ ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறது. மஞ்சள் முக்கோணத்துக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. அந்த மாதிரி வாசகம் இருந்தால் என் ஊகம் சரி. பழைய கம்ப்யூட்டரில் ஓடியதற்கும் அதுவே விளக்கம்: அங்கே இருந்த பழைய டிரைவர் இந்தச் சோதனையைச் செய்யவில்லை. ஆனால் கேபிள் போலிதான் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன், அசல் பழைய சிப்புக்கும் இதே கதிதான்.

எஃப்டிடிஐ விஷயம் இதைவிடப் பெரிய சண்டையாகப் போனது. 2014 அக்டோபரில் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அவர்கள் டிரைவர், போலி சிப்களுக்குள் எழுதியிருந்த மாடல் எண்ணையே 0000 என்று மாற்றிவிட்டது. அதன் பிறகு அந்தக் கேபிளை எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் பட்டியலில் இல்லாத எண்ணைச் சொல்லும், எந்த டிரைவரும் வராது. சிப் உடையவில்லை, எண் மட்டும் போனது, அதுவே பொருளைச் செத்ததாக்கப் போதுமாக இருந்தது. பெரிய எதிர்ப்புக் கிளம்பி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றார்கள். லினக்ஸ்காரர்கள் தங்கள் டிரைவரின் பட்டியலில் 0000 என்ற மாடல் எண்ணையும் ஒரு வரியாகச் சேர்த்தார்கள், செத்த கேபிள்கள் லினக்ஸில் எழுந்து நடந்தன. போலி செய்தவர்கள் மேல் எனக்குப் பரிவு கிடையாது. ஆனால் கடையில் காசு கொடுத்து வாங்கியவனுக்கு எது போலி என்று எப்படித் தெரியும்? அவன் பொருளில் கைவைத்தது தவறு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

லினக்ஸ் பெயர் வந்துவிட்டதால் அதையும் கொஞ்சம் சொல்கிறேன். அங்கே ஐஎன்எஃப் கிடையாது. ஒவ்வொரு டிரைவருக்குள்ளேயே தான் பார்த்துக்கொள்ளும் எண்களின் அட்டவணை இருக்கும். எல்லா அட்டவணைகளையும் சேர்த்து ஒரே ஃபைலாகத் தொகுத்து வைத்திருப்பார்கள். பொருள் வந்ததும் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதன் எண்களைக் கோத்து ஒரு நீண்ட வரியாக அறிவிக்கும், யூடெவ் என்ற நிரல் அதைக் கேட்டு, தொகுப்பில் பொருந்துகிற டிரைவரை ஏற்றும். விண்டோஸைப் போல மதிப்பெண் போட்டி கிடையாது. பொருந்துகிறவர்களில் யார் முதலில் வந்து, பொருளைச் சோதித்து, சரி என்கிறாரோ அவருக்குத்தான். அதனால்தான் என்விடியா கார்டு போட்டவர்கள் நூவோ என்ற இன்னொரு டிரைவரைத் தடைப்பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே எண்ணுக்குக் கை நீட்டும். இதில் வேடிக்கையான ஒன்று உபுண்டு 22.04-இல் நடந்தது. சிஎச்340 கேபிளைச் செருகினால் ஒரு நொடி தெரிந்து மறைந்துவிடும். பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் நிரல் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பிரெயில் கருவிக்குள் அதே சிப் அதே எண்ணோடு இருந்ததுதான் காரணம். நிரல் மேல் தப்பில்லை, அது எண்ணைத்தான் பார்த்தது.

தன் எண்ணைச் சொல்லவே தெரியாத பொருள்களும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் சவுண்ட் கார்டு போட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும், கார்டில் ஜம்பரை மாற்றி ஐஆர்கியூ 5, போர்ட் 220 என்று நாமே டிரைவருக்குச் சொல்ல வேண்டும். இன்றும் லேப்டாப்பின் பேட்டரி, டச்பேட் போன்றவை தாமாகப் போய் யாரிடமும் அறிமுகம் செய்துகொள்வதில்லை. அவை எங்கே இருக்கின்றன என்று பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் நிரல்) ஒரு அட்டவணையில் எழுதி வைத்திருக்கும், ஏசிபிஐ என்பார்கள், இயங்குதளம் அதைப் படித்துக்கொள்ளும். ராஸ்பெர்ரி பை போன்ற போர்டுகளில் அதே வேலையை டிவைஸ் ட்ரீ என்ற ஃபைல் செய்கிறது.

உங்கள் எடை மெஷினும் இந்த ஊமைக் கூட்டம்தான். கம்ப்யூட்டருக்கு எடை மெஷின் இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிவது கேபிள் முனையில் உள்ள சிப் மட்டும். அந்தப் பக்கம் தராசு இருக்கிறதா, வெறும் காற்று இருக்கிறதா என்று சிப்புக்கும் தெரியாது. 'எடை மெஷின் டிரைவர்' என்று நெட்டில் தேடுவதில் அர்த்தமில்லாமல் போவது இதனால்தான். தேட வேண்டியது கேபிளின் டிரைவர். எடையைப் புரிந்துகொள்வது பில்லிங் மென்பொருளின் வேலை. காம் போர்ட் எண் (அந்தக் கேபிளுக்கு விண்டோஸ் கொடுக்கும் எண், காம் 3 மாதிரி), 9600 மாதிரியான வேகம் இவற்றை அதில்தான் சொல்ல வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அங்கே ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தயாரிப்பாளர் எண் 067பி என்றால் புரோலிஃபிக், 0403 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340 குடும்பம், அதாவது சிப் அப்படிச் சொல்லிக்கொள்கிறது. 067பி ஆக இருந்து, பழைய டிரைவர் ஏற்கனவே கம்ப்யூட்டரில் இருந்தால், 'அப்டேட் டிரைவர்' போய், கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லி, தேதி பழைய பதிப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். பலருக்கு இது ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் அப்டேட் மறுபடி புதியதைத் திணித்துவிடலாம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை கூட்ட நேரத்தில்தான் செய்யும். கடைக்கு என்றால் என் யோசனை, வேறு குடும்பத்து சிப் உள்ள நல்ல கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள். பர்மா பஜாரோ ரிச்சி தெருவோ, எங்கே வாங்கினாலும் உறைமேல் உள்ள பெயரை நம்பாமல், கடைக்காரரின் லேப்டாப்பில் செருகச் சொல்லி முக்கோணம் இல்லாமல் வருகிறதா என்று பார்த்துக் காசு கொடுங்கள். முடிந்தால் அந்த லேப்டாப்பும் விண்டோஸ் 11 ஆக இருக்கட்டும்.

பிரிண்டருக்கு, அதன் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் மாடல் பார்த்துத் தயாரிப்பாளரின் தளத்திலேயே 64 பிட் டிரைவர் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பிரிண்டரின் ஹார்டுவேர் ஐடியை மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் போட்டுத் தேடலாம், அது ஐடியை வைத்தே தேடித் தரும். 'எல்லா டிரைவரும் இங்கே' என்று விளம்பரம் நிறைந்த தளங்களை மட்டும் தொடாதீர்கள். எந்த டிரைவருமே அமையாத தெர்மல் பிரிண்டரை விண்டோஸில் உள்ள 'ஜெனரிக், டெக்ஸ்ட் ஒன்லி' டிரைவரில் ஓட்டும் கடைகள் உண்டு. லோகோ வராது, தமிழ் எழுத்தும் வராது, ஆங்கிலத்தில் எண்ணும் பெயரும் வந்தால் போதும் என்றால் சமாளிக்கலாம். புதுக் கம்ப்யூட்டரில் வைஃபை டிரைவரே இல்லாமல் நெட் வராமல் தவித்தால், ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸிலேயே இருப்பதால் பெரும்பாலும் உடனே நெட் வந்துவிடும்.

புதுக் கேபிள் மாட்டியதும் பில்லிங் மென்பொருளில் காம் எண்ணை மாற்ற மறக்காதீர்கள். மலிவான கேபிள்களில் பலவற்றுக்குத் தனி சீரியல் எண் இருக்காது. அப்போது விண்டோஸ் 'எந்த போர்ட்டில் செருகியது' என்பதை வைத்துத்தான் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். இன்று காம் 3 ஆக இருந்தது, கூட்டித் துடைக்கும்போது பிடுங்கிப் பக்கத்து ஓட்டையில் செருகினால் காம் 5 ஆகிவிடும், பில்லில் எடை வராது. போர்ட்டுக்கும் கேபிளுக்கும் ஒரே நிறத்தில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துவிடுங்கள். முக்கோணத்துக்குப் பக்கத்தில் உள்ள வாசகத்தையும் அந்த ஐடியையும் இங்கே எழுதினால், கேபிள் வாங்கத்தான் வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.